கம்பெனியால் வேலையைவிட்டுத் தூக்க முடியாத ஒருவர்: காஞ்சிபுரம் சாம்சங் போராட்டத்தில் ‘வெளியாள்’ என்ன செய்தார்?

உங்கள் டீமில் பத்துப் பேர் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷமாகச் சொல்லிக்கொள்ளும்படி இன்க்ரிமென்ட் இல்லை. டீக்கடையில் எல்லோரும் புலம்புகிறார்கள். வாட்ஸ்அப் குரூப் கொதிக்கிறது. சரி, எச்.ஆர். அறைக் கதவை முதலில் தட்டப்போவது யார்?

இந்தக் கேள்வி வந்ததும் பத்துப் பேரும் அமைதியாகிவிடுவார்கள். முதலில் பேசுகிறவரின் பெயர்தான் அப்ரைசல் நேரத்தில் ஞாபகத்துக்கு வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

2024-ல் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் உள்ள சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் முன்பும் இதே கேள்விதான் நின்றது. அவர்கள் கதவைத் தட்ட ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் சாம்சங் ஊழியர் இல்லை. சிஐடியு தொழிற்சங்கத்தின் காஞ்சிபுரம் மாவட்டச் செயலாளர் இ.முத்துக்குமார். 37 நாள் வேலைநிறுத்தத்தின்போது செய்திகளில் அடிக்கடி வந்த முகம் அவருடையது. அந்த நாட்களில் அதிகம் அடிபட்ட வார்த்தை ‘வெளியாள்’.

‘எங்க ஊழியர்களோடு நாங்க பேசிக்கிறோம், நடுவில் வெளியாள் எதுக்கு?’ என்பது நிர்வாகங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வி மாதிரிதான் தெரிகிறது. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? வரலாறு என்ன சொல்கிறது? அந்த வெளியாள் உண்மையில் என்ன வேலை செய்தார்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பட்டு ஊரில் இவ்வளவு ஆலைகள் எப்படி?

காஞ்சிபுரம் என்றால் காமாட்சியம்மன் கோயில், வரதராஜப் பெருமாள் கோயில், பட்டுப்புடவை. ஆனால் மாவட்டத்தின் கிழக்குப் பக்கம் வேறு உலகம். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், அங்கிருந்து பிரிந்தால் ஒரகடம், வல்லம் வடகால் என்று கார், பைக், செல்போன், ஃப்ரிட்ஜ் தயாரிக்கும் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன.

இந்த இரண்டு உலகங்களுக்கும் தொடர்பு உண்டு. தறிக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் தறியை விட்டுவிட்டு ஆலை பஸ்ஸில் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். தறி வேலையில் தொழிலாளி பெரும்பாலும் தனி ஆள். தறி அவர் வீட்டுக்குள் இருக்கும். பாவும் ஜரிகையும் முதலாளியிடமிருந்தோ கூட்டுறவுச் சங்கத்திலிருந்தோ வரும். புடவைக்கு இவ்வளவு கூலி என்று கணக்கு. முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் கூலி பற்றி வாய் திறப்பது இன்னும் கஷ்டம். கேட்க வேண்டியதை ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் போய்க் கேட்க வேண்டியிருக்கும்.

ஆலை அப்படி இல்லை. ஒரே கூரையின் கீழ், ஒரே ஷிஃப்டில், ஒரே கேன்டீனில் நூற்றுக்கணக்கானவர்கள். ஒருத்தர் சம்பளம் இன்னொருத்தருக்குத் தெரியும். சேர்ந்து கேட்கலாம் என்ற எண்ணம் இங்கே இயல்பாகவே வரும். அப்படிக் கேட்க ஒரு சங்கம் தொடங்கும்போதுதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது. 2018-ல் இதே பகுதியில் யமஹா ஆலையில் இரண்டு தொழிலாளர்கள் நீக்கப்பட்டதை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தது. சங்கம் அமைத்ததால்தான் அவர்கள் நீக்கப்பட்டார்கள் என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். சாம்சங் தொழிலாளர்கள் இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள்.

சாம்சங்கில் என்ன நடந்தது?

சுங்குவார்சத்திரம் ஆலை 2007-ல் தொடங்கப்பட்டது. டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் தயாராகும் இடம். சுமார் 1,800 தொழிலாளர்கள். 16 வருஷங்களுக்கு மேல் அங்கே சங்கம் கிடையாது. 2024-ல் ‘சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்’ அமைக்கப்பட்டு, பதிவு கேட்டு தொழிலாளர் துறையிடம் விண்ணப்பம் போனது. சங்கத் தலைவராக முத்துக்குமார் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பதிவு கிடைக்கவில்லை. சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ என்ற வார்த்தை இருப்பதற்கு நிறுவனம் ஆட்சேபம் தெரிவித்தது. அது தங்கள் வணிகக் குறியீடு என்பது நிறுவனத்தின் வாதம். விண்ணப்பம் அப்படியே கிடந்தது.

2024 செப்டம்பர் 9-ம் தேதி ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆலைக்கு அருகே எச்சூரில் பந்தல் போட்டு, ஆலைச் சீருடையிலேயே தினமும் வந்து உட்கார்ந்தார்கள். மூன்று கோரிக்கைகள் முக்கியமானவை: சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும், சம்பளத்தை உயர்த்த வேண்டும், வேலை நேரமும் சூழலும் மேம்பட வேண்டும். சராசரியாக மாதம் 25,000 ரூபாய் வாங்கும் தங்களுக்கு அதை மூன்று ஆண்டுகளில் 36,000 ஆக்க வேண்டும் என்று கேட்டார்கள். இந்தப் பகுதியில் இதே மாதிரி வேலைக்குக் கிடைக்கும் சம்பளத்தைவிடத் தாங்கள் அதிகம் கொடுப்பதாக நிறுவனம் பதில் சொன்னது.

சம்பளத்தில் பேரம் பேச இடம் இருந்தது. சிக்கல் முதல் கோரிக்கையில்தான் இருந்தது. தொழிலாளர்களோடு நேரடியாகப் பேசத் தயார் என்றது நிர்வாகம். எங்கள் சங்கத்தோடு பேசுங்கள் என்றார்கள் தொழிலாளர்கள். ஒரு மாதத்துக்கு மேல் இந்த இடத்தில்தான் எல்லாம் நின்றது.

இது சுங்குவார்சத்திரத்தில் மட்டும் இருந்த பிடிவாதம் இல்லை. சங்கமே கூடாது என்பது கொரியாவில் சாம்சங் குழுமம் பல பத்தாண்டுகளாகக் கடைப்பிடித்த கொள்கை. 2020 மே மாதம்தான் அதன் தலைமைப் பொறுப்பில் இருக்கும் லீ ஜே-யோங் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, அந்தக் கொள்கை இனி இருக்காது என்று அறிவித்தார். 2024-ல் கொரியாவிலேயே சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் தொழிலாளர்கள் நிறுவன வரலாற்றில் முதல் வேலைநிறுத்தத்தை நடத்தினார்கள். அது நடந்து இரண்டு மாதங்களில் காஞ்சிபுரம்.

வெளியாள் தலைவராக இருக்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

இருக்கலாம். சட்டத்தில் ஓட்டை தேடி நுழைந்ததும் இல்லை. சட்டமே அதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறது.

1926-ம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டத்தின் 22-வது பிரிவு, 2001-ல் திருத்தப்பட்ட வடிவத்தில் சொல்வது இதுதான்: ஒருங்கிணைக்கப்பட்ட துறையில் உள்ள ஒரு சங்கத்தின் நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், இதில் எது குறைவோ அந்த எண்ணிக்கை வரை, அந்தத் தொழிலில் வேலை செய்யாதவர்கள் இருக்கலாம். மற்ற நிர்வாகிகள் உள்ளே வேலை செய்பவர்களாக இருக்க வேண்டும். 15 நிர்வாகிகள் இருந்தால் அதிகபட்சம் 5 பேர் வெளியிலிருந்து வரலாம்.

சங்கத்தைப் பதிவு செய்வதற்கான நிபந்தனையும் பெரிதல்ல. குறைந்தது ஏழு உறுப்பினர்கள் விண்ணப்பிக்க வேண்டும். அந்த நிறுவனத்தின் தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினர்களாக இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே அரசியலமைப்பின் 19(1)(சி) பிரிவு நிற்கிறது. சங்கம் அமைப்பது குடிமக்களின் அடிப்படை உரிமை என்று அது சொல்கிறது. பேச்சுரிமை இருக்கும் அதே பிரிவு. அதனால்தான் இந்தப் போராட்டத்தை வெறும் சம்பளத் தகராறாகப் பார்க்க முடியாது. இது குடியுரிமைப் பிரச்சினையும்கூட.

ஆனால் இங்கே இரண்டு நுணுக்கங்கள் உண்டு. ஒன்று, சங்கம் அமைப்பதுதான் அடிப்படை உரிமை. வேலைநிறுத்தம் செய்வது அடிப்படை உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1960-களின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது. அது வேறு சட்டங்கள் தரும் உரிமை, நிபந்தனைகளோடு வருவது. இரண்டு, பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. பதிவு அரசு தருவது. அங்கீகாரம் என்பது நிர்வாகம் ‘சரி, உங்களோடுதான் பேசுவோம்’ என்று ஒப்புக்கொள்வது. பதிவு பெற்ற சங்கத்தை நிர்வாகம் கட்டாயம் அங்கீகரிக்க வேண்டும் என்ற கடப்பாடு 1926 சட்டத்தில் நடைமுறையில் இல்லை. சாம்சங் தொழிலாளர்கள் முதல் கதவிலேயே நிறுத்தப்பட்டார்கள்.

இந்த விதி வந்த கதை சென்னையில் இருக்கிறது

1918 ஏப்ரலில் சென்னை பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாக வரலாற்று ஆசிரியர்கள் குறிப்பிடுவது இதைத்தான். பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகளின் தொழிலாளர்கள் சேர்ந்து அமைத்தது. தலைவர் பி.பி.வாடியா. பம்பாயில் பிறந்த பார்சி, அன்னி பெசன்ட்டின் பத்திரிகையில் வேலை பார்த்தவர், பிரம்மஞான சபைக்காரர். நூல் நூற்றவரும் இல்லை, தறி ஓட்டியவரும் இல்லை. தொழிலாளர்களின் கஷ்டத்தைப் பார்த்து அவரை அழைத்து வந்த செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு இருவரும்கூட ஆலைத் தொழிலாளர்கள் இல்லை. சங்கத்துக்குத் துணையாக நின்ற திரு.வி.க. ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் இருந்தவர். எல்லோருமே வெளியாட்கள்!

1920-ல் தகராறு முற்றியது. ஆலை நிர்வாகம் வாடியா மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டினார், அதனால் நஷ்டம் வந்தது என்பது குற்றச்சாட்டு. நீதிமன்றம் தடை உத்தரவு கொடுத்தது. அப்போது தொழிற்சங்கத்துக்கு எந்தச் சட்டப் பாதுகாப்பும் கிடையாது. கடைசியில் வாடியா தொழிற்சங்க வேலையிலிருந்தே விலக வேண்டியதாயிற்று.

இந்த வழக்கு நாடு முழுக்க அதிர்ச்சியை ஏற்படுத்தியது. சங்கம் நடத்துகிறவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று 1921-ல் என்.எம்.ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். ஐந்து வருஷம் கழித்து 1926 தொழிற்சங்கச் சட்டம் வந்தது. தொழில் தகராறின்போது ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்பதற்காக மட்டும் பதிவு பெற்ற சங்கத்தின் மீதோ அதன் நிர்வாகிகள் மீதோ சிவில் வழக்குப் போட முடியாது என்று அதன் 18-வது பிரிவு சொல்கிறது. ஒரு வெளியாளுக்கு நடந்ததிலிருந்து வந்த பாதுகாப்பு அது.

‘பதிவு பெற்ற சங்கம்’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். இந்தப் பாதுகாப்பு பதிவு பெற்ற சங்கத்துக்குத்தான். சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் சங்கத்துக்குப் பதிவு இல்லை. ஆலை அருகே போராடத் தடை கேட்டு நிறுவனம் நீதிமன்றத்துக்கும் போனது. பதிவுச் சான்றிதழ் என்ற ஒற்றைத் தாளுக்காக ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

37 நாட்களில் அவர் செய்தது என்ன?

ஸ்டிரைக் தலைவர் என்றதும் மைக் பிடித்து முழங்குகிறவர்தான் நம் கண்ணுக்குத் தெரிவார். உண்மையில் அந்த வேலை நாலு பங்காகப் பிரியும்.

முதல் வேலை, காகிதம். பதிவு விண்ணப்பம், கோரிக்கைப் பட்டியல், ஸ்டிரைக் நோட்டீஸ், சமரச அதிகாரி முன் மனு, உயர் நீதிமன்ற வழக்கு. எட்டு மணி நேர ஷிஃப்ட் முடித்து வரும் இளைஞருக்கு இதையெல்லாம் பார்க்க நேரமும் பழக்கமும் இருக்காது. பல ஆலைகளில் இதையே செய்து பழகிய ஒருவருக்கு எந்தத் தாள் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று தெரியும்.

இரண்டாவது, முதல் அடியை வாங்கிக்கொள்வது. செப்டம்பர் 16-ம் தேதி காஞ்சிபுரத்தில் ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் பேரணி போகத் திட்டமிட்டார்கள். அனுமதி இல்லை என்று போலீஸ் முத்துக்குமாரையும் நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களையும் பிடித்துவைத்து, பிறகு விடுவித்தது. அக்டோபர் தொடக்கத்தில் மறுபடியும் பேரணி, நூற்றுக்கணக்கானவர்கள் மறுபடியும் கைது. உள்ளே வேலை பார்க்கும் ஒருவர் தலைவராக இருந்தால் போலீஸ் நடவடிக்கையோடு சஸ்பெண்ட், டிரான்ஸ்ஃபர், டிஸ்மிஸ் என்று கம்பெனி நடவடிக்கையும் சேரும். வெளியாளிடம் கம்பெனி பறிக்க எதுவும் இல்லை. அவர் பெயர் சம்பளப் பட்டியலில் இல்லை. அவரை அழைத்து வந்ததன் காரணமே அதுதான்.

மூன்றாவது, கூட்டத்தைச் சிதறவிடாமல் வைத்திருப்பது. இதுதான் ரொம்பக் கஷ்டம். வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. வீட்டு வாடகை, பைக் இஎம்ஐ, ஸ்கூல் ஃபீஸ் எதுவும் காத்திருக்காது. இந்த நேரத்தில் அக்டோபர் 7-ம் தேதி ஒரு அறிவிப்பு வந்தது. தொழிலாளர்களில் ஒரு பிரிவினரோடு ஒப்பந்தம் போட்டுவிட்டதாக நிர்வாகம் சொன்னது. 2025 மார்ச் வரை மாதம் 5,000 ரூபாய் சிறப்பு ஊக்கத்தொகை, ஏசி பஸ், பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று சலுகைகள். அமைச்சர்களும் வேலைக்குத் திரும்பச் சொன்னார்கள். ஒரு மாதம் சம்பளம் இல்லாமல் இருப்பவருக்கு 5,000 ரூபாய் சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தை இல்லை: சங்கம். போராடுகிறவர்கள் அதில் கையெழுத்துப் போடவில்லை என்று சிஐடியு நிராகரித்தது. பந்தல் காலியாகவில்லை.

அடுத்த நாள் இரவு போலீஸ் வீடு தேடிப்போய் சங்க நிர்வாகிகளைக் கைது செய்தது. பந்தலும் பிரிக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் இது மாநிலப் பிரச்சினையாக மாறியது. திமுக கூட்டணியிலேயே இருந்த மார்க்சிஸ்ட், சிபிஐ, விசிக தலைவர்கள் எச்சூருக்கு வந்து தொழிலாளர்களோடு நின்றார்கள். ஒரு ஆலைக்குள் நடக்கும் தகராறைத் தலைமைச் செயலகம் வரை கொண்டுபோகும் வழி அரசியல் தொடர்புள்ள வெளியாளிடம்தான் இருந்தது.

நான்காவது, எப்போது எழுந்திருப்பது என்று முடிவு செய்வது. அக்டோபர் 15-ம் தேதி அமைச்சர்கள் முன்னிலையில் நடந்த பேச்சில் உடன்பாடு வந்தது. போராடியவர்களைப் பழிவாங்கக் கூடாது, கோரிக்கைகளுக்கு நிர்வாகம் எழுத்துப்பூர்வமாகப் பதில் தர வேண்டும், தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்ப வேண்டும். பதிவுப் பிரச்சினை நீதிமன்றத்தில். கேட்டது எல்லாம் கிடைக்கவில்லை. இருந்தும், சிஐடியு மாநிலத் தலைவர் அ.சவுந்தரராசன் உள்ளிட்டோர் தொழிலாளர்களைக் கூட்டி விளக்கினார்கள். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆரம்பித்து வைப்பதைவிட முடித்து வைப்பதில்தான் தலைவருக்கு ஆபத்து அதிகம். ‘இதுக்கா இத்தனை நாள் உட்கார்ந்தோம்?’ என்று கேட்பவர்களை நேராகப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

சரி, வெளியாள் மீது விமர்சனமே இல்லையா?

இருக்கிறது. அதையும் பார்க்க வேண்டும்.

வெளித்தலைவருக்குக் கட்சி இருக்கும். கட்சிக்குக் கணக்கு இருக்கும். தோற்றால் சம்பளம் போவது தொழிலாளிக்குத்தான், தலைவருக்கு இல்லை. முதலீட்டுக்காக மாநிலங்கள் போட்டி போடும் காலத்தில், நீண்ட ஸ்டிரைக் வேறு மாநிலத்துக்குக் கம்பெனிகளைத் துரத்திவிடும் என்பது அரசுத் தரப்பின் கவலை. இந்தக் கவலை பொய்யில்லை. இந்த ஆலைகளை நம்பி ஆயிரக்கணக்கான வீடுகள் இருக்கின்றன.

தலைவர்கள் எல்லோரையும் சேர்த்து நிறுத்தத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் சென்னையிலேயே பாடம் இருக்கிறது. 1921-ல் அதே பின்னி ஆலைகளில் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தபோது ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். அன்று ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமைக்குரலாக இருந்த எம்.சி.ராஜா அவர்கள் பக்கம் நின்றார். ஊரில் ஒதுக்கிவைத்துவிட்டு, ஸ்டிரைக் நேரத்தில் மட்டும் ஒற்றுமை பேசினால் எப்படி நம்புவது என்ற கேள்வி அந்த மக்களுக்கு இருந்தது. புளியந்தோப்பில் கலவரம் வெடித்தது. குடிசைகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. வேலைநிறுத்தமும் தோற்றது. பந்தலுக்குள் இருக்கும் எல்லோரும் சமமாக உட்காராவிட்டால், எவ்வளவு பெரிய தலைவர் வந்தாலும் அந்தப் பந்தல் நிற்காது.

இதற்கு நேர்மாறான ஒரு படமும் உண்டு. 1968, அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரம். குப்பை அள்ளும் லாரியில் நசுங்கி இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள் இறந்தார்கள். சுமார் 1,300 துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முக்கியக் கோரிக்கை, நம்பினால் நம்புங்கள், சங்கத்துக்கு அங்கீகாரம். மேயர் மறுத்தார். உள்ளூர் பாதிரியார் ஜேம்ஸ் லாசன் தேவாலயங்களை எல்லாம் ஒன்றுசேர்த்தார். ‘நானும் மனிதன்’ என்ற பொருளில் தொழிலாளர்கள் தட்டி ஏந்தி நடந்தார்கள். லாசன் தன் நண்பர் மார்ட்டின் லூதர் கிங்கை அழைத்து வந்தார். போகிற ஊரெல்லாம் ‘வெளியிலிருந்து வந்து கலகம் மூட்டுகிறவர்’ என்ற பட்டம் கிங்குக்குக் கிடைத்தது. ஏப்ரல் 4-ம் தேதி மெம்ஃபிஸிலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16-ம் தேதி நகர நிர்வாகம் சங்கத்தை ஏற்றுக்கொண்டது. லாசனோ கிங்கோ குப்பை லாரியில் வேலை பார்த்தவர்கள் இல்லை. ஆனால் அந்தப் பிரச்சினையைச் சம்பளக் கணக்கிலிருந்து மனித மரியாதைக்கு நகர்த்தியவர்கள் அவர்கள்.

அப்புறம் சாம்சங்கில் என்ன ஆச்சு?

2024 டிசம்பரில், பதிவு விண்ணப்பத்தின் மீது ஆறு வாரத்துக்குள் முடிவெடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஜனவரி 27-ம் தேதி பதிவு கிடைத்தது. ‘சாம்சங்’ என்ற பெயரோடுதான்.

கதை அங்கே முடிந்துவிடவில்லை. சில நாட்களிலேயே, பிப்ரவரி தொடக்கத்தில், சங்க நிர்வாகிகள் மூன்று பேர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். அவர்கள் உள்ளே வேலை பார்ப்பவர்கள். அதைக் கண்டித்து ஆலைக்குள்ளேயே உள்ளிருப்புப் போராட்டம் தொடங்கியது. சஸ்பெண்ட் ஆனவர்களின் எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. ஒழுங்கு விதிகளை மீறியதால் நடவடிக்கை என்றது நிர்வாகம். பழிவாங்கல் என்றது சங்கம். ஒரு மாதம் கழித்து, மார்ச் 7-ம் தேதி, தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

நடவடிக்கை யார் மீது பாய்ந்தது என்று பாருங்கள். சங்கத் தலைவர் மீது பாய முடியவில்லை. உள்ளே இருந்த நிர்வாகிகள் மீது பாய்ந்தது. சட்டம் வெளியாட்களுக்கு ஏன் இடம் வைத்திருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது. வெளியாளுக்குக் கொடுத்திருக்கும் பாதுகாப்பு உள்ளே இருப்பவர்களுக்குப் போதுமான அளவு கிடைக்கவில்லை என்பதையும் இதுவே காட்டுகிறது.

2025 மே மாதம் தொழிலாளர் துறை அமைச்சர் சி.வி.கணேசன் முன்னிலையில் மூன்றாண்டு ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. முதல் ஆண்டில் 9,000 ரூபாய், அடுத்த இரண்டு ஆண்டுகளில் தலா 4,500 ரூபாய் உயர்வு. மொத்தம் 18,000. பந்தலில் உட்கார்ந்திருந்தபோது நீட்டப்பட்ட ஆறு மாத 5,000 ரூபாயோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இது நிரந்தர ஊதியத்தில் சேருவது.

இதெல்லாம் எனக்கு எதற்கு?

2025 நவம்பர் 21-ம் தேதி நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1926 சட்டத்தின் இடத்தில் இப்போது தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நிற்கிறது. 51 சதவீதத் தொழிலாளர்களின் ஆதரவுள்ள சங்கத்தை நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கான சங்கமாக ஏற்க வேண்டும் என்பது அதில் புதிது. எந்த நிறுவனத்திலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பதும் புதிது. வெளியாட்களுக்கான மூன்றில் ஒரு பங்கு இடம் தொடர்கிறது.

‘நான் ஐ.டி.யில் இருக்கேன், எனக்கு இது பொருந்தாது’ என்று நினைக்கிறீர்களா? ஐ.டி. ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம், தொழிலாளர் சட்டங்கள் அவர்களுக்கும் உண்டு என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. ஓஎம்ஆரில் இருப்பவருக்கும் சுங்குவார்சத்திரத்தில் இருப்பவருக்கும் அரசியலமைப்பின் 19(1)(சி) ஒன்றுதான்.

வெளியாள் தேவையில்லாத ஒரு நிலை வரலாம். உள்ளே இருப்பவர் எழுந்து பேசினால் அவர் வேலைக்கு ஆபத்து இல்லை என்ற நம்பிக்கை ஊழியர்களுக்கு இருந்தால், வெளியிலிருந்து யாரையும் அவர்கள் கூப்பிட மாட்டார்கள். அந்த நம்பிக்கை வரும்வரை, கம்பெனியால் தூக்க முடியாத ஒருவரைத் தேடி ஆட்கள் போய்க்கொண்டேதான் இருப்பார்கள். 1918-ல் பெரம்பூரிலிருந்து போனார்கள். 2024-ல் சுங்குவார்சத்திரத்திலிருந்து போனார்கள்.

மறுபடியும் அந்தப் பத்துப் பேர் டீமுக்கு வாருங்கள். எச்.ஆர். கதவை யார் தட்டுவது என்று கேட்டதும் எல்லோரும் அமைதியானார்கள் இல்லையா? வெளியாள் ஏன் வருகிறார் என்ற கேள்விக்கு அந்த அமைதிதான் விடை.